நுரைக்குக் கொடுக்கும் விலை

"சார், ஒரு சந்தேகம்" என்று டீ மாஸ்டர் ஆரம்பித்தபோது மணி நாலு இருக்கும். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன் அவருக்குக் கிடைக்கிற அரை மணி ஓய்வு அது. இடது கையால் வலது தோளைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்துறது நான்தான். முப்பது கிலோ. தூக்கி வச்சிட்டு வந்துடுவேன், ஒண்ணும் பண்ணாது. இந்தக் குவளை டீயோட சேர்த்து ஒரு கிலோ வருமா? சாயங்காலமானா இதத் தூக்கின தோள்தான் விண்ணு விண்ணுனு தெறிக்குது. என்ன கணக்கு சார் இது?"

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினவன். நெம்புகோல் பாடம் வந்தால் கத்தரிக்கோல் ஒரு வகை, பாக்குவெட்டி இன்னொரு வகை, தூண்டில் மூன்றாம் வகை என்று படம் போட்டு, பரீட்சைக்கு இதுதான் வரும் என்று சொல்லி முடித்துவிடுவேன். படம் போட்ட என் கையே ஒரு நெம்புகோல் என்பதைக் கரும்பலகையில் ஒருநாளும் எழுதியதில்லை. எந்தப் பையனும் மாஸ்டர் மாதிரி கேட்டதுமில்லை.

"ரெண்டு டீ போடுங்க, ஒண்ணு உங்களுக்கு. உட்கார்ந்து பேசுவோம்" என்றேன்.

மாஸ்டர் விழுப்புரம் பக்கம். அவருடைய தாத்தா ஏற்றம் மிதித்தவராம். எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. கிணற்றடியில் ஒரு தூண், அதன்மேல் குறுக்கே நீண்ட மரம், மரத்தின் ஒரு முனையிலிருந்து தொங்கும் கழியும் சாலும். மரத்தின் மேல் ஆள் நடப்பார். கிணற்றுப் பக்கம் நாலு எட்டு வைத்தால் அந்த முனை தாழ்ந்து சால் தண்ணீரில் மூழ்கும். திரும்பிப் பின்பக்கம் நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். ஆளின் எடை இதில் கொஞ்சமும் மாறவில்லை. தூணுக்கும் அவர் காலுக்கும் நடுவே உள்ள தூரம்தான் மாறியது. எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். தூணுக்கு எந்தப் பக்கம் பெருக்கல் தொகை கூடுகிறதோ அந்தப் பக்கம் மரம் சாயும். நெம்புகோலைப் பற்றித் தெரிந்துகொள்ள இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பாடப்புத்தகத்தில் தூணுக்கு ஆதாரப் புள்ளி என்றும் சாலுக்குப் பளு என்றும் ஆளுக்குத் திறன் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உடம்பில் எலும்புதான் மரம், மூட்டுதான் தூண், தசைதான் ஆள். ஆனால் இந்த ஆளிடம் இரண்டு குறை உண்டு. அவருக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முழங்கையை மடக்க முன்பக்கம் ஒரு தசை, நீட்டப் பின்பக்கம் வேறொரு தசை என்று ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறது. இரண்டாவது குறை, ஏற்றக்காரரைப் போல் மரத்தின் மேல் நடந்துபோக அவரால் முடியாது. எலும்பில் எங்கே ஒட்டியிருக்கிறாரோ அங்கேயேதான் ஆயுசு முழுக்க வேலை. அந்த இடமோ, பெரும்பாலும், தூணை ஒட்டினாற்போல் இருக்கிறது.

"தொட்டுப் பார்க்கலாமா?" என்று மாஸ்டரின் உள்ளங்கையை பெஞ்சுக்கு அடியில் வைத்து, பெஞ்சைத் தூக்குவதுபோல் மெல்ல அழுத்தச் சொன்னேன். இன்னொரு கையின் விரலை முழங்கை மடிப்பில் வைக்கச் சொன்னேன். "கயிறு மாதிரி ஒண்ணு விறைச்சுக்கிட்டு நிக்குது சார்." அதுதான் பைசெப்ஸ் தசையின் நாண். அது முன்கை எலும்பைப் பிடித்திருக்கிற இடம், மூட்டின் மையத்திலிருந்து 4 அல்லது 5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. சாமானைப் பிடிக்கிற உள்ளங்கை சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது.

கையில் 5 கிலோ அரிசிப் பை. முழங்கை நேர்கோணமாக மடிந்திருக்கிறது. 5 கிலோவை 35-ஆல் பெருக்கினால் 175. முன்கைக்கும் கைக்கும் சொந்த எடை உண்டே. அது ஒன்றரைக் கிலோ என்றும், அந்த எடை மூட்டிலிருந்து 15 செ.மீ.யில் குவிந்திருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால் இன்னொரு 22. ஆக 197. இதை ஈடுகட்டத் தசைக்குக் கிடைத்திருப்பது 5 செ.மீ. வகுத்தால் 40 கிலோ வருகிறது. ஒட்டியிருக்கிற இடம் 4 செ.மீ. என்றால் 50 கிலோ. பிடித்திருப்பது 5 கிலோ, தசை இழுப்பது அதைப்போல் எட்டு, பத்து மடங்கு.

மாஸ்டர் நம்பவில்லை. கடைப் பெட்டியில் கை வைத்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெரிய பெரிய ஆட்களே நெடுங்காலம் நேர்மாறாக நினைத்திருந்தார்கள். கடப்பாரையைக் கொடுத்துச் சின்னப் பையனைப் பெரிய கல்லைப் புரட்டவைக்கிற மாதிரி, இயற்கையும் எலும்பைக் கொடுத்துச் சின்ன பலத்தில் பெரிய பாரத்தைத் தூக்கவைக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அப்படியில்லை, உடம்பில் கணக்கு தலைகீழ் என்று எலும்பு எலும்பாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜொவான்னி அல்ஃபோன்சோ பொரெல்லி. 1608-இல் நேப்பிள்ஸில் பிறந்த கணித ஆசிரியர். கிரேக்க ஆர்க்கிமிடீஸ் கல்லுக்கும் கட்டைக்கும் போட்ட நெம்புகோல் கணக்கை இவர் தோளுக்கும் இடுப்புக்கும் போட்டார். வயதான காலத்தில் ரோமில் பணக்கஷ்டத்தில் இருந்தவருக்கு, சுவீடனின் அரியணையை விட்டுவிட்டு அங்கே வந்து குடியிருந்த ராணி கிறிஸ்டினாதான் புத்தகம் போட உதவினார். 1679-இன் கடைசி நாளில் பொரெல்லி இறந்துபோனார். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல் 1680-லும் 1681-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. எனக்கு இது உறுத்தும். நெம்புகோல் பாடத்தில் ஆர்க்கிமிடீஸ் பெயரை வருடா வருடம் சொன்னேன். இவர் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இனி மாஸ்டரின் தோள். டீ ஆத்தும்போது அவர் கை தோளிலிருந்து நேராக நீள்கிறது. அவருக்கு 65 கிலோ எடை என்றால் ஒரு முழுக்கையின் எடை மூன்றேகால் கிலோ அளவில் இருக்கும். அது தோளிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கிறது. பெருக்கினால் 97. குவளை 1 கிலோ, 60 செ.மீ. தள்ளி, ஆக 60. மொத்தம் 157. தோளின் மேல் தொப்பி மாதிரி கவிந்திருக்கும் டெல்டாய்டு தசைக்கு அந்த நிலையில் கிடைக்கிற தூரம் 3 செ.மீ. சொச்சம். வகுத்தால் 50 கிலோவைச் சுற்றி வருகிறது. குவளையே இல்லாமல் சும்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாலே 30 கிலோவுக்கு மேல்.

"அப்ப குவளை மேல தப்பில்ல. என் கை மேலதான்."

"கை மேலயும் தப்பில்ல மாஸ்டர். கை நீளம்."

வீட்டில் பண்டிகைக்கு முன்னால் ஒட்டடைக் கம்பைப் பிடித்தவர்களுக்கு இது தெரியும். கம்பு கால் கிலோகூட இருக்காது. அடியில் பிடித்து நுனியால் கூரையைத் துடைக்க ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் கை கெஞ்சும். ஆனால் மணிக்கட்டை இத்தனூண்டு அசைத்தால் நுனி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்விடுகிறது. பலத்தைக் கொடுத்துத் தூரத்தையும் வேகத்தையும் வாங்கிக்கொள்கிற வியாபாரம் இது. தசைக்கு இந்த வியாபாரத்தை விட்டால் வழியில்லை. தசை பலசாலி, ஆனால் அதிகம் சுருங்காது. தன் நீளத்தில் பாதி சுருங்கினாலே பெரிய விஷயம். பைசெப்ஸ் 1 செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை 7 செ.மீ. நகர்கிறது, அதே நொடிக்குள். கல்லெறிவதும் பந்து வீசுவதும் இதனால்தான் முடிகிறது. பலம்தான் முக்கியம் என்று பைசெப்ஸை மணிக்கட்டில் கொண்டுபோய் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையை மடக்கும்போது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே வௌவால் சிறகு மாதிரி சதை விரிந்து நிற்கும். சட்டைக் கையில் நுழையாது.

இந்த இடத்தில் என் பழைய தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எம்பி நிற்கிறோமே, அதைப் பாடத்தில் இரண்டாம் வகை நெம்புகோல் என்போம். ஆதாரம் முன்பாதம். நடுவில் கணுக்கால் வழியாக இறங்கும் உடம்பின் எடை. பின்னால் குதிகாலை மேலே இழுக்கும் கெண்டைக்கால் தசை. பாக்குவெட்டி மாதிரி, பளு நடுவில். அதனால் இங்கே மட்டும் லாபம், உடம்பு எடையைவிடக் குறைந்த பலம் போதும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன். முன்பாதத்திலிருந்து கணுக்கால் 13 செ.மீ., குதிகால் 18 செ.மீ.; 60 கிலோ ஆளை ஒற்றைக் காலில் தூக்க 43 கிலோ போதும் என்று கரும்பலகையில் போட்டும் காட்டினேன்.

போட்டது தப்பு. பாக்கை வெட்டும்போது கை வெளியிலிருந்து அழுத்துகிறது. கெண்டைக்கால் தசை வெளியாள் இல்லை. அதன் மேல்முனை முழங்காலைச் சுற்றியுள்ள எலும்பில்தான் மாட்டியிருக்கிறது. குதிகாலை எவ்வளவு மேலே இழுக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் காலையே கீழே அமுக்கவும் செய்கிறது. தான் உட்கார்ந்திருக்கிற பலகையைத் தானே தூக்கப் பார்ப்பவன் கதைதான். ஆகவே கணுக்காலில் இறங்குகிற பளு வெறும் 60 கிலோ இல்லை; 60-உடன் தசையின் இழுப்பும் சேர்ந்தது. இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் தசைக்கு வேண்டியது 156 கிலோ. நேர்வழியிலும் பார்க்கலாம். கணுக்காலையே தூணாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 13 செ.மீ.யில் தரை 60 கிலோவை மேலே தள்ளுகிறது. பின்னால் 5 செ.மீ.யில் தசை இழுக்கிறது. 60-ஐ 13-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் அதே 156. உடம்பு எடையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். லாபம் என்று நான் சொன்ன ஒரே இடமும் நஷ்டக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. நம் உடம்பில் இருப்பவற்றில் மிகத் தடித்த நாண் குதிகாலுக்கு மேலே நிற்பது ஏன் என்று இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மாஸ்டருக்கு இந்தக் கணக்கு முழுதாக விளங்கியதா என்று தெரியவில்லை. பலகை உதாரணத்துக்கு மட்டும் சிரித்தார்.

தலை சங்கதி சின்னது. சுமார் 5 கிலோ எடை. கழுத்தெலும்பின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்பக்கமாகவே பாரம் அதிகம். பின்கழுத்துத் தசை ஓயாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நிமிர்ந்து நிற்கிறது. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும், மோவாய் நெஞ்சில் இடிக்கும். தாடையை எல்லோருமே சோதித்துப் பார்த்திருக்கிறோம். கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்த சீடை கல்லாகிவிட்டால் முன்பல்லால் யாரும் கடிப்பதில்லை, கடைவாய்க்குத் தள்ளிவிடுகிறோம். காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டுதான் தூண். கடைவாய் அதற்குக் கிட்டத்தில், முன்பல் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில். அதே தசை, அதே பலம், கடைவாயில் சீடை நொறுங்கும்.

உடம்பு சில இடங்களில் தூரத்தைத் திருட்டுத்தனமாகக் கூட்டிக்கொள்ளவும் செய்கிறது. முழங்கால் சில்லு அப்படிப்பட்ட ஏற்பாடு. அது தொடைத் தசையின் நாணுக்குள்ளேயே பதிந்து கிடக்கிற எலும்பு. நாணுக்கு அடியில் ஆப்பு வைத்ததுபோல் அதை மூட்டின் மையத்திலிருந்து வெளியே தள்ளிப் பிடிக்கிறது. கிடைக்கிற கூடுதல் தூரம் நமக்கு அற்பமாகத் தோன்றும். சில்லை எடுத்துவிட்டால் காலை நீட்ட முன்பைவிடக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும் என்பதால் மருத்துவர்கள் அதை முடிந்தவரை காப்பாற்றத்தான் பார்ப்பார்கள்.

"சரி சார், சிலிண்டர் ஏன் ஒண்ணும் பண்ணல?"

"பண்ணியிருக்கு. உங்ககிட்ட இன்னும் சொல்லல."

முதுகை வளைத்துக் குனிந்து, கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிற சிலிண்டரைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எரிவாயு 14.2 கிலோ, காலிக் கலனின் எடையும் சேர்ந்து முப்பதுக்குப் பக்கம். இடுப்பெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருந்தால் 1200. குனிந்த உடம்பின் மேல்பாதி, தலையும் கைகளும் சேர்த்து, 36 கிலோ. அது 22 செ.மீ. முன்னால், ஏறத்தாழ 800. இந்த 2000-ஐயும் தாங்க முதுகெலும்பின் பின்னால் ஓடுகிற தசைகளுக்குக் கிடைத்திருக்கும் தூரம் 5, 6 செ.மீ. ஐந்தரை என்று போட்டால் 360 கிலோ. அந்த இழுப்பு முழுவதும் கீழ்முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டின் மேல்தான் போய் அமுங்குகிறது. 1960-களில் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் உயிரோடிருக்கும் மனிதர்களின் முதுகு வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். முன்னால் குனிந்தால் ஏறுகிறது, கையில் எடையும் இருந்தால் இன்னும் ஏறுகிறது, படுத்தால் இறங்குகிறது.

அதே சிலிண்டரைக் காலுக்கிடையில் இழுத்து, முழங்காலை மடித்து, வயிற்றோடு அணைத்துத் தூக்கினால்? தூரம் 20 செ.மீ. ஆகிறது, உடம்பும் முன்னால் அவ்வளவு சாய்வதில்லை. கணக்கு 160 கிலோவுக்கு இறங்கிவிடும். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைத் தலையிலோ பிடரியிலோ ஏற்றிக்கொள்வதும், சும்மாட்டின் மேல் குடம் வைத்து நடக்கிற பெண்களின் முதுகு வளையாமல் இருப்பதும் யாரும் பள்ளியில் படித்து வந்தது அல்ல. பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே இருந்தால் முன்னால் இழுக்கிற தூரமே கிட்டத்தட்டப் பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான். கழுத்தெலும்பு மூட்டையின் எடையை முழுதாகத் தாங்கியாக வேண்டும், அது தனிக் கஷ்டம். பத்து மடங்காகப் பெருகாது.

இவ்வளவையும் எதிர் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். வலது இடுப்பில் தேய்மானம். வலது கையிலேயே கைத்தடி. "அப்ப என் தடிக்கு என்ன கணக்கு தம்பி?" என்றார்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். பெரியவருக்கு 60 கிலோ என்றால், ஊன்றிய காலின் எடை நீங்கலாக 50 கிலோ அந்த இடுப்பு மூட்டுக்கு உள்பக்கம் 10 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. மூட்டுக்கு வெளிப்பக்கம் 5 செ.மீ.யில் இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. ஆக தசைக்கு 100 கிலோ. தூண் இரண்டு பக்கத்தையும் தாங்க வேண்டுமே, மூட்டுக்கு 150. இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. பெர்லினில் கெயோர்க் பெர்க்மனின் குழு உணர்கருவி வைத்த செயற்கை இடுப்பு மூட்டுகளைப் பொருத்தி, அவற்றோடு நடந்தவர்களிடம் அளந்து 2001-இல் வெளியிட்டபோதும், சாதாரண நடைக்கு உடம்பு எடையின் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. அந்த இடுப்புத் தசை சோர்ந்துபோனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே சாய்ந்துவிடும். 1895-இல் டிரெண்டலென்பர்க் விவரித்த இந்த அடையாளத்தை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.

"தடியை இடது கையில பிடிங்க ஐயா" என்றேன். "வலிக்கிறது வலதுலதானே?" என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். இடது கையால் தடியைத் தரையில் அழுத்தினால், தரை அந்தக் கையை மேலே தள்ளுகிறது. அந்த இடம் வலது இடுப்பு மூட்டிலிருந்து 40 செ.மீ. தூரத்தில், தொங்குகிற உடம்பின் பக்கமே இருக்கிறது. 5 கிலோ அழுத்தினால் போதும், 200 கழிந்துவிடும். தசைக்கு 100-இலிருந்து 60. மூட்டுக்கு 150-இலிருந்து 105. அஞ்சு கிலோ அழுத்தத்தில் நாற்பத்தைந்து கிலோ குறைகிறது. வலது கையில் பிடித்தாலோ தடி தசையின் பக்கமே வந்துவிடுகிறது. பலன் வேண்டுமென்றால் உடம்பையே அந்தப் பக்கம் சாய்த்து நடக்க வேண்டும். பெரியவர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்.

தடியை மாற்றிப் பிடித்து, வலது காலும் தடியும் ஒன்றாகத் தரையைத் தொடும்படி, கடைக்கும் தபால் பெட்டிக்கும் நடுவே இரண்டு நடை போய்வந்தார். "பழகலே" என்றார். மூன்றாம் நடையில் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுப் பக்கமாகப் போய்விட்டார்.

நாலே காலுக்குப் பள்ளிக்கூடப் பஸ் வந்தது. மாஸ்டர் எழுந்து போய் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் உயர்த்தி ஆத்தினார். கணக்குப்படி சரிதான். தோளுக்கு மேல்கையைத் தூக்குகிற வேலையே இல்லை.

முதல் கிளாஸை வாங்கின டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், நுரையே காணோம்?"

மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கிளாஸைத் திரும்ப வாங்கினார். கையை முழு நீளத்துக்கு மேலே நீட்டி, இரண்டு முழ உயரத்திலிருந்து ஊற்றினார்.